ஏழுமலை அண்ணன் கரை சேர்ந்துவிட்டார்

என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை அண்ணன் கரை சேர்ந்துவிட்டார். அவர் மகனும் பத்திரமாக வந்துவிட்டான். நீங்கள் கடைசியாகக் கட்டிய போட் முழுசாகத் திரும்பியிருக்கிறது. மூன்று நாள் கழித்து நேற்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். அம்மா பொரித்து வைத்த மீனில் பாதியை நானே தீர்த்தேன்.

இனி நான் உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஆடி மாதம் நீங்கள் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். இங்கே மாமல்லபுரத்தில் நம் பட்டறையில் ஏழுமலை அண்ணனின் ஃபைபர் போட் அச்சுக்குள்ளேயே கிடந்தது. உள்ளே அடிப்பக்கத்துக் கடைசி அடுக்கு மட்டும் பாக்கி. “கூலிக்கு ஆள் வச்சு முடிச்சிட்டேன்ப்பா” என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் “ஓம்” என்றீர்கள். முப்பது வருடம் இந்தக் கரையில் இருந்தும் உங்கள் வாயில் ஒரு ‘ஆமா’ வந்ததில்லை.

அது பொய், அப்பா. அந்த அடுக்கைப் போட்டது நான்தான்.

இந்தக் குப்பத்தில் பெண்கள் போட்டுக்குள் கால் வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? பட்டறையில் நான் ரெசின் பசை கலக்கலாம், கண்ணாடி இழை மேட் வெட்டலாம், வெளிப்பக்கம் தேய்க்கலாம். உள்ளே இறங்கக்கூடாது. ஆனால் அந்த வாரம் ஒரு ஆளும் கிடைக்கவில்லை. ஏழுமலை அண்ணனோ தொழிலுக்குப் போக முடியாமல் வாசலில் வந்து வந்து நின்றார். ஒரு பகல் ஷட்டரை இறக்கிவிட்டு நானே உள்ளே இறங்கினேன். அன்றைக்கென்று மழை. கூரைத் தார்ப்பாய் ஒரு மூலையில் ஒழுகி, மேட் கொஞ்சம் நனைந்துவிட்டது. துடைத்துவிட்டு ரெசினை ஊற்றி உருட்டினேன். ஈரமான மேட் ஒட்டாது, பின்னால் பெயர்ந்துவிடும் என்று தெரிந்தும் செய்தேன். அவசரம்.

ஆவணியில் நீங்கள் போய்விட்டீர்கள். சாவுக்கு வந்த அத்தனை பேரும் உங்கள் கைவேலையைப் பற்றித்தான் பேசினார்கள். அம்மாவோடும் ஓர் உளிப்பையோடும் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய மரத் தச்சன், “ஃபைபர் வேலை தெரியுமா?” என்று கேட்டவரிடம் கொஞ்சமும் யோசிக்காமல் “ஓம்” என்று சொல்லி, பிறகு எப்படியோ கற்றுக்கொண்ட கதையை யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

எனக்கு நினைவில் இருப்பது வேறு. மீந்த நீல ரெசினில் எங்களுக்கு நாற்காலி, வாளி, புத்தக அலமாரி என்று செய்து நிரப்பி, நம் வீட்டையே ‘போட் வூடு’ என்று ஊர் கூப்பிடும்படி வைத்தீர்களே, அது. சாயங்காலம் நீங்கள் வந்ததும் நான் ஓடி வந்தால், “நில்லு பிள்ளை, கிட்ட வராதை, குளிச்சிட்டு வாறன்” என்று வாசலிலேயே கத்துவீர்கள். சட்டையில் ஒட்டிய ஃபைபர் தூசி எங்களைச் சொறிய வைக்குமாம். நீங்கள் சொறிந்துகொண்டே கிணற்றடிக்குப் போவீர்கள். குளித்து வந்த பிறகுதான் தூக்குவீர்கள். தூக்கினால் சாப்பாடு வரை இறக்கமாட்டீர்கள்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். போன திங்கட்கிழமை விடியலில் மகனோடு கடலுக்குப் போன ஏழுமலை அண்ணன் மத்தியானம் திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. போன் போகவில்லை. செவ்வாய்க்கிழமை இங்கிருந்து ஆறு போட் தேடப் போய் வெறுமனே திரும்பின. கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “எவ கால வச்சாளோ, யாரு கண்டா” என்றார். பொதுவாகத்தான் சொன்னார். நான் என் கால் இரண்டையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டேன்.

அதைவிட மோசம் ஏழுமலை அண்ணனின் மனைவி கன்னியம்மா அக்கா. என் கையைப் பிடித்துக்கொண்டு, “பயமா கீது வதனி. ஆனா சிலோன் அண்ணாத்த கட்ன போட்டு, கைவுடாது. அவரு கைம்மா அது” என்றார். உங்கள் கையை நம்பி அந்த அக்கா அழாமல் நின்றார். அடியில் இருப்பது என் கை என்று எப்படிச் சொல்வேன்? அந்த இரண்டு நாளும் உங்களிடம் பேசக்கூட எனக்குத் தைரியமில்லை, அப்பா.

புதன்கிழமை காலை மரக்காணம் பக்கத்து போட் ஒன்று இருவரையும் போட்டோடு இழுத்துக்கொண்டு வந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுவிட்டதாம். போன் நனைந்து செத்துவிட்டதாம். இரண்டு நாள் அலையில் அடிபட்டும் போட்டுக்குள் கீழிருந்து ஒரு சொட்டு ஏறவில்லை. கன்னியம்மா அக்கா அப்போதுதான் அழுதார். நானும்.

மறுநாள் ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் போனேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “தெரியுமே” என்றார்.

“எப்படிண்ணா?”

“உங்கப்பா ஆஸ்பத்திரிலயே சொல்ட்டாரு. ‘ஏழுமலை, என்ர பிள்ளைதான் உள்ளுக்குள்ளை இறங்கிப் போட்டிருக்கிறாள். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லு’ன்னாரு.”

“அப்புறம் ஏண்ணா எடுத்துக்கிட்டுப் போனீங்க?”

“போட்டு நல்லா கீது, எடுத்துகினு போனேன். இன்னா கேள்வி இது?”

யார் உங்களிடம் சொன்னார்கள்? தெரிந்தும் ஏன் என்னிடம் வெறும் “ஓம்” மட்டும் சொன்னீர்கள்? இந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். ஆனாலும் அன்றிரவு அப்படித் தூங்கினேன், அம்மா வந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாராம்.

நேற்றுக் காலை அந்த போட்டைக் கரையில் நிறுத்தி, உள்ளே இறங்கி, அடி முழுக்கத் தட்டிப் பார்த்தேன். பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடத்தில் வெற்றுச் சத்தம் கேட்டது. மழை ஒழுகிய அதே மூலை. பெயர்த்து எடுத்துவிட்டு, நல்ல வெயிலில் புதிதாகப் போட்டேன். அந்தப் பெரியவர் உட்பட ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கன்னியம்மா அக்காதான் ரோலரை எடுத்துக் கொடுத்தார்.

இனி ஈரத்தில் மேட் விரிக்கமாட்டேன், அப்பா. யாராவது கேட்டால், அது என் கை என்றே சொல்வேன்.

நீங்கள் ஏழுமலை அண்ணனிடம் சொன்ன அதே பிள்ளை,
வதனி