சூளைக்குப் போகாத மண்

மார்ச் 4
நர்ஸம்மா என் மகளின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையேம்மா. ஏழாம் மாசம் வேற. கீரை, பயறு ஏதாவது குடுக்கிறீங்களா?" தலையை ஆட்டி வைத்தேன். வெறும் சோறும் வெங்காயமும்தான் என்று எந்த வாயால் சொல்வது? விவசாயி வீடாம். வெட்கக்கேடு.

மார்ச் 5
களைப்பு. எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 9
மேல் வயலில் இந்தப் போகமும் போச்சு. மேடாக இருக்கிறது, வாய்க்கால் தண்ணீர் ஏறவில்லை என்று, போன வருஷம் என் வீட்டுக்காரர் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு வழித்துக் கொடுத்தார். "தாழ்த்திட்டா தண்ணி தானா வரும்டி." வந்ததே! வந்தது வடியாமல் நிற்கிறது. அடியில் இருந்தது வெறும் களிமண். விதைத்ததெல்லாம் சாண் உயரத்தில் மஞ்சளாய் நின்றுவிட்டது.

மார்ச் 13
மிச்சமிருக்கும் கிணற்றடித் துண்டு நிலத்தையும் இவர் சூளைக்காரரிடம் விலை பேசிவிட்டாராம். நாளைக்கு மண் அள்ளும் வண்டி வருகிறதாம். கேட்டால், "ரெண்டும் ஒரே மட்டமா இருக்கட்டுமே" என்கிறார். மட்டமாம் மட்டம்! உனக்கு மூளை இருக்காய்யா? பிள்ளைத்தாச்சி செங்கல்லையா தின்னுவா? — கத்திவிட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

விதைத்த மண்ணில் வண்டியை இறக்க எங்கள் பக்கம் எந்த ஓட்டுநருக்கும் மனசு வராது. ஆனால் விதைக்கு எங்கே போவது? டப்பாவில் மகளுக்கென்று வைத்திருந்த இரண்டு பிடி பச்சைப்பயறுதான். "போட்டுடும்மா, எனக்கு ஒண்ணும் பசியில்ல" என்றாள். பொய். பொழுது சாய்வதற்குள் விதைத்துத் தண்ணீர் விட்டேன்.

மார்ச் 14
ஓட்டுநர் ஈர மண்ணைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். "விதைச்சிருக்கீங்களா? சொல்லக் கூடாதா அண்ணே?" வண்டி திரும்பிப் போய்விட்டது. வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம்.

ஏப்ரல் 22
பயறு இப்போதுதான் பூத்திருக்கிறது. பேத்தி காத்திருக்கவில்லை, முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். உள்ளங்கைக்குள் அடங்குகிறாள். மகளுக்குப் பால் போதவில்லை. அந்த இரண்டு பிடியையும் அவளுக்கே அவிச்சுக் குடுத்திருக்கலாமோ? பாவி, நான் பாவி.

மே 17
முதல் காய். நான் எழுந்து போவதற்குள் இவரே பறித்து, உரித்து, அடுப்பில் ஏற்றியிருந்தார். அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்த மனுஷனா இது! கிண்ணத்தை மகளிடம் நீட்டி, "தின்னும்மா. குழந்தைக்குப் பால் ஊறணும்" என்றார். தனக்கு ஒரு பயறுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேல் வயலுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் கேட்டார்: "அந்த மண்ணு தேற எத்தனை வருஷமாகும்டி?"

"உங்க பேத்தி பிள்ளை பெறுறதுக்குள்ள தேத்திடுங்க" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.