நீல கேட், இரண்டாம் மாடி

மார்ச் 2, திங்கள்

லேபில் மேல் பல்செட் ஒன்றுக்கு மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. என் வலைப்பூ குடியிருக்கும் தளத்தை இந்த மாதக் கடைசியோடு இழுத்து மூடுகிறார்களாம். எழுதியதை எல்லாம் எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கச் சொல்கிறார்கள். கையிலிருந்த முன்பல் கோணலாக உட்கார்ந்துவிட்டது. பாலிஷ் போடும் அண்ணன் எட்டிப் பார்த்து, "இதப் போட்டுக்கிட்டு அவர் சிரிச்சா தெருவே காலியாயிடும்மா" என்றார். பிடுங்கி மறுபடி வைத்தேன்.

'கடைவாய்' என்று பேர் வைத்து ஏழு வருஷமாக எழுதுகிறேன். பல் கட்டுகிறவளின் புலம்பல், வீட்டுக் கூத்து, சின்ன வயசுக் கதை. என் பேர் கிடையாது, ஊர் கிடையாது, முகம் கிடையாது. புருஷனாக இருந்த அந்த ஆளை விட்டு வந்த மறுவருஷம் ஆரம்பித்தது. இந்த நோட்டு எனக்கு மட்டும், அது நாலு பேருக்கு. ஆனாலும் அங்கேதான் பயமில்லாமல் எழுத வரும்.

மார்ச் 4, புதன்

எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். பதிவுகள், படங்கள், பின்னூட்டங்கள், வாசகர்களின் மெயில் பட்டியல் எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு. மகள் வாலு என் தோளுக்கு மேல் தலையை நீட்டி, "இவ்ளோதானா?" என்றாள். பதினோரு வயசுக்கு எல்லாமே இவ்ளோதான்.

வீட்டை விட்டு வந்த அன்றும் இவ்வளவுதான் இருந்தது. ஒரு பை, இடுப்பில் இவள்.

மார்ச் 7, சனி

புதுத் தளம் பார்க்க லட்சணமாக இருக்கிறது. நாம் எழுதுவதை வாசகர்களுக்கு மெயிலாகவே அனுப்பிவிடுமாம். ஒரு படிவம் நிரப்பச் சொன்னது. பேர் என்ற இடத்தில் சாமர்த்தியமாக 'கடைவாய்' என்று போட்டேன். விலாசம் கட்டாயம் என்று சிவப்பில் காட்டியது. கணக்குத் திறக்கக் கேட்கிறார்கள், கொடுத்துத் தொலைப்போம் என்று அடித்தேன். கூரியர்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கையும் அப்படியே: கதவு எண், தெரு, பேக்கரிக்கு மேலே, நீல கேட், வலது பக்கப் படி, இரண்டாம் மாடி.

கோப்பை ஏற்றினேன். பின்னூட்டங்களை இந்தத் தளம் ஆள்வாரியாகப் பிரித்து அடுக்குகிறது. அதில் ஒருவரைப் பார்த்துச் சிரித்தேன். பேர் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு மெயில் முகவரி. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்து ஒரு வரி திருத்திவிட்டுப் போகிறார். நான் சைக்கிளிலிருந்து விழுந்த கதைக்கு, "விழுந்தது இடது பக்கம்." எங்கள் வீட்டு நாய்க்குப் பழுப்பு நிறம் என்று எழுதியதற்கு, "நாய் கறுப்பு." வேறொன்றுக்கு, "மழை அன்று பெய்யவில்லை." தனித்தனியாகப் படித்தபோது யாரோ வேலையற்றவர் விளையாடுகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

வரிசையாகப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. என் இடது முழங்கையில்தான் தழும்பு. இவருக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 8, ஞாயிறு

"குடி மாறியாச்சு, வழக்கம்போல வாங்க" என்று நாலு வரி எழுதி பொத்தானை அழுத்தினேன். பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் மெயில் போய்விட்டது. வாலு கைதட்டினாள்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

ஐயோ. ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன்.

பட்டியலில் என் மெயிலும் உண்டு. எனக்கு வந்ததைத் திறந்து அழகு பார்த்தேன். கடைசியில், கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்தில், என் விலாசம். கதவு எண்ணிலிருந்து நீல கேட் வரைக்கும். மெயில் அனுப்புகிறவரின் விலாசம் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் இருக்க வேண்டும் என்பது விதியாம். போன பிறகு படித்துப் பார்க்கிறேன்.

எட்டு வருஷம். வாலுவோட ஸ்கூல் போட்டோவக்கூட யாருக்கும் அனுப்பாம, போன் நம்பர மாத்தி மாத்தி, பேரச் சுருக்கி – கடைசில நானே வழி சொல்லி அனுப்பிட்டேன். வலது பக்கப் படின்னு வேற! யாராவது எழுதுவாங்களா? சொந்தச் செலவுல சூனியம்னு சொல்வாங்களே, இதுதான்.

மார்ச் 9, திங்கள்

விலாசத்தை அழிக்கப் பார்த்தேன். காலியாக விட முடியாது என்கிறது. கண்டதை அடித்து வைத்துவிட்டு, அனுப்புவதையே நிறுத்தி வைத்தேன். போனது போனதுதான், திரும்பக் கூப்பிட வழியில்லை.

லேபில் பிளாஸ்டர் கலக்கும்போது தண்ணீர் அதிகமாகி இரண்டு அச்சு வீண். பாலிஷ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு மட்டும்தான் முழுக்கதையும் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சிந்தின பால அள்ள முடியாதும்மா. எறும்பு வருதான்னு பாரு" என்றார்.

பார்த்தேன். யார் மெயிலைத் திறந்தார்கள், எத்தனை தடவை திறந்தார்கள் என்று புதுத் தளம் காட்டுகிறது. பெரும்பாலோர் ஒரு தடவை. பாதிப் பேர் திறக்கவே இல்லை, வாழ்க. அந்தத் திருத்தல்காரர் மட்டும் நேற்றிலிருந்து திரும்பத் திரும்பத் திறக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஒன்று கூடியது.

எறும்பு வந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

தாழ்ப்பாளைப் போட்டேன். போட்டேனா என்று பார்த்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து போய்ப் பார்த்தேன்.

மார்ச் 11, புதன்

அந்த ஆள்தான். வேறு யார்? நாலு பேர் முன்னால் நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வெட்டுவான். "அப்படி இல்ல, சரியாச் சொல்லு." வீட்டுக்கு வந்த பிறகு சரியாகச் சொல்லாததற்கு வேறு பாடம் நடக்கும். தழும்பும் அவனுக்குத் தெரியும். ஏழு வருஷமாக உட்கார்ந்து படித்திருக்கிறான், ஒரு வார்த்தை மிரட்டாமல். சிரிச்சுக்கிட்டே படிச்சிருப்பான். நான்தான் யாரோ வாசகர்னு நன்றி எல்லாம் சொல்லியிருக்கேன்.

போலீஸுக்குப் போனால் என்ன சொல்வது? ஒருவர் என் மெயிலைத் திறந்து படிக்கிறார் என்றா? நான்தானே அனுப்பினேன்.

வாலுவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் நான் வரும்வரை உள்ளேயே இரு, யார் கூப்பிட்டாலும் போகாதே என்றேன்.

"அப்பான்னு சொன்னாலுமா?"

"அப்பான்னு சொன்னா ஓடு."

"எனக்கு அவர் முகமே தெரியாதேம்மா. யாரப் பாத்து ஓடறது?" என்றாள். ஒரு போட்டோகூட வைத்துக்கொள்ளாமல் வந்தது அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

பிரெட் வாங்கக் கீழே போனேன். பேக்கரிக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார், "காலைல கடைல நின்ன ஆள் சொன்னான், யாரோ வந்து நீல கேட் எதுன்னு கேட்டாங்களாம். அவன் காட்டறதுக்குள்ள வேணாம்னு திரும்பிப் போயிட்டாங்களாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

யார், என்ன வயசு, எப்படி இருந்தார்கள், ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. பிரெட்டையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

லீவு. வாலுவுக்கும் லீவு. அண்ணன் போன் செய்தார். "நான் வேணா வந்து வாசல்ல உக்காரட்டுமா? பாலிஷ் மெஷினக் கொண்டாரேன், ஆளப் பளபளன்னு ஆக்கிடலாம்." சிரித்தேன். வைத்த பிறகு அழுதேன்.

இன்னொரு ஊருக்குப் போய்விடலாமா? மறுபடி ஒரு பை. இந்தத் தடவை அவளை இடுப்பில் தூக்க முடியாது.

மார்ச் 14, சனி

காலையில் துணி மடிக்கும்போது சட்டென்று நினைவு வந்தது. நாய். நாய் செத்தது நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம். என் கல்யாணத்துக்கு எத்தனையோ வருஷம் முன்னால். அதற்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்த ஆளுக்கு அது கறுப்பு என்று எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லை. அவனுக்கு நாய் என்றாலே ஆகாது.

கண்ணை மூடிப் பார்த்தேன். கறுப்புதான். நான்தான் தப்பாக எழுதியிருக்கிறேன்.

அதைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் நாலே பேர். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இங்கே துணி மடிக்கிறேன். அப்படியென்றால் –

இல்லை. அவள் என் எழுத்தைத் தேடிப் படிப்பாளா? அன்றைக்கு வாலுவைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனபோது, கேட்டைத் திறக்காமலே பேசியவள். "திரும்பிப் போ. கொஞ்ச நாள்ல சரியாயிடும்." அக்கா சொன்ன கடைசி வார்த்தை அதுதான். நான் திரும்பிப் போகவில்லை. அவளிடமும்தான்.

இதை எழுதும்போதே காலிங் பெல் அடிக்கிறது. வாலுவிடம் எழுந்திருக்காதே என்று கையைக் காட்டிவிட்டேன். கேட்கிற பெண்ணா அவள்? ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துவிட்டாள்.

"அம்மா, உன்ன மாதிரியே ஒருத்தங்க நிக்கறாங்க. ஆனா வயசானவங்க."

மார்ச் 15, ஞாயிறு

நேற்று தாழ்ப்பாளைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. வாலுதான் திறந்தாள்.

உள்ளே வந்ததும் அக்கா அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நேராகத் திட்டினாள். "உனக்கு அறிவுங்கறது இருக்கா? நீல கேட்டாம், ரெண்டாம் மாடியாம். அவன் கண்ல பட்டிருந்தா? எடுத்துடுவ எடுத்துடுவன்னு அந்த மெயிலயே தொறந்து தொறந்து பாக்கறேன். அது அப்படியே இருக்கு!" போன மெயில் மாறாது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வியாழக்கிழமை வந்தாளாம். பேக்கரி வரைக்கும் வந்து, நான் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்று பயந்து திரும்பிவிட்டாளாம்.

அவளும் பயந்தாளா!

தற்செயலாகச் சைக்கிள் கதையைப் படித்த அன்றே எழுதுவது நான்தான் என்று தெரிந்துவிட்டதாம். "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். டம்ளரைக் கையில் உருட்டினாள்.

"நீ எழுதினதுல இருக்கற தப்பெல்லாம் திருத்த வந்துச்சு. நான் சொன்னத எப்படித் திருத்தறதுன்னுதான் தெரியல."

எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று இந்த நோட்டில் பொய் எழுதி என்ன பயன்? எட்டு வருஷக் கோபம் ஒரு டம்ளர் டீயில் கரையாது. ஆனால் அவள் கூடத்தில், கதவை ஒட்டிப் பாயைப் போட்டுப் படுத்தாள். கட்டில் இருக்கு என்றதற்கு, "இங்கதான் காத்து வருது" என்றாள். அங்கே காற்று வராது.

மார்ச் 29, ஞாயிறு

பழைய தளம் நாளை மறுநாள் மூடுகிறது. இன்றைக்குப் புதுத் தளத்தில் முதல் பதிவு எழுதினேன். கோணலாக உட்கார்ந்த முன்பல்லைப் பற்றி. அனுப்பும் முன் விலாசத்தில் வந்து நின்றது. எதைப் போடுவது என்று திணறினேன்.

அக்கா இந்த வாரமும் வந்திருக்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். "நம்ம அப்பா வீட்டு விலாசத்தப் போடு" என்றாள்.

"அது அந்த ஆளுக்குத் தெரியுமே."

"தெரிஞ்ச விலாசம்தான, புதுசா என்ன சொல்லிடப் போற? வந்தா அங்க வரட்டும். கேட்டத் தொறக்காமப் பேசத்தான் எனக்கு நல்லா வருமே."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. விலாசத்தை அடித்தேன். வீட்டு எண், தெரு, அவ்வளவுதான். கேட்டின் நிறம் எழுதவில்லை.

அவன் என்றைக்காவது வரலாம். பயம் போய்விடவில்லை. படியில் சத்தம் கேட்டால் இன்னும் வாலுவைத்தான் முதலில் தேடுகிறேன். பதிவு போன கொஞ்ச நேரத்தில் முதல் பின்னூட்டம் வந்தது. அடுத்த அறையிலிருந்து: "பல்லுக்குக் கோணல் இல்லை. உனக்குத்தான் கண்ணாடி வேண்டும்."

தாழ்ப்பாளைப் போட்டேன். ஒரு தடவைதான் பார்த்தேன்.