கஞ்சி போட்ட தலையணை உறையும் மூச்சு முட்டிய வண்டியும்

அன்பு மகளுக்கு, வண்டி ஓட்டும் உன் அம்மா எழுதுவது.

இங்கே நான், உன் அப்பா, நம் வண்டி மூன்று பேரும் நலம். போன வாரம் எழுதியிருந்தால் இரண்டு பேர்தான் நலம் என்று எழுதியிருப்பேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். தூக்கம் என்றதும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில் இன்ஜினைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினாயே, நானும் ம், ம் என்று கேட்டேனே, அதில் முதல் ஐந்து நிமிஷம்தான் நான், மீதி எல்லாம் குறட்டை. அம்மாவுக்கு இந்த வயதிலும் எவ்வளவு ஆர்வம் என்று அப்பாவிடம் மெச்சிக்கொண்டாயாம், அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதனால்தான் இந்தத் தடவை கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

வண்டிக்கு வந்த கோளாறு இதுதான். நின்ற இடத்தில் நன்றாக உறுமும், காலியாகப் போனால் குதிரைதான். ஆஸ்பத்திரிக்குச் சலவைத் துணி மூட்டையை ஏற்றிக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும், வேலை சொன்னதும் உன் அப்பா காது கேட்காத மாதிரி நிற்பாரே, அப்படி ஒரு கணம் நிற்கும். பிறகு ஒரு விக்கல், பிறகு ஒரு குலுக்கல், அப்புறம்தான் நகரும். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் ஏற்றம் உனக்குத் தெரியுமே, அங்கே பாதியில் நின்றுபோய், பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்து, மானம் கப்பலேறிவிட்டது. இரண்டு நாள் துணி லேட், பெரிய நர்ஸம்மாவுக்குக் கோபம். ஆபரேஷனுக்கு ஆளைப் படுக்க வைக்கணும், விரிக்கத் துணி இல்லைன்னா நான் போட்டிருக்கற கோட்டையா கழட்டி விரிக்கறது, திங்கக்கிழமை ஏழு மணிக்கு வரலைன்னா வேற இடத்துல குடுத்துடுவோம் என்று சொல்லிவிட்டார். அந்தத் துணி போனால் நம் சலவை மெஷின் இரண்டும் சும்மா நிற்கும். நானும் உன் அப்பாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அந்த வயதெல்லாம் எங்களுக்குத் தாண்டிவிட்டது.

நீ டீசல் ஃபில்டரை மாற்றச் சொன்னாய், மாற்றினோம், அதே விக்கல். டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றாய், சுத்தமாக வடித்துக் கழுவினோம், அதே விக்கல். கடைசியில் மோப்பத்தைக் கூப்பிட்டேன். முனைக்கடை மெக்கானிக்தான், எந்த வண்டியையும் தொடுவதற்கு முன் மோந்து பார்ப்பதால் அந்தப் பெயர். என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். இருமிக்கொண்டே வந்து, பொகை கன்னங்கரேல்னு வருதுக்கா, டீசல் எரியாமலே வெளிய வருது, உங்க வண்டிக்குச் சாப்பாட்டுல குறையில்ல, மூச்சுதான் முட்டுது என்றார். பிறகு காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டியைத் திறந்து மூக்கை விட்டவர், என்னக்கா இது சலவை வாசனை அடிக்குது என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே உன் பழைய தலையணை உறை, அந்த நீலப்பூ போட்டது, ஒரு மாதமாகத் தேடுகிறேன். ஃபில்டருக்குக் கச்சிதமாக மாட்டி, மூலை மடித்து, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டிருந்தது. அதன் மேல் நம் துணி காயவைக்கும் மெஷின் துப்பும் பஞ்சு, ஒரு விரல் கனத்துக்குக் கம்பளி மாதிரி படிந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் உன் அப்பாவைக் காணோம். உள்ளே போய் வாளிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். விசாரித்தால், போன மாதம் நீதான் சொன்னாயாம், வண்டி, மெஷின் பஞ்சு துப்பற குழாய்க்குப் பக்கத்திலேயே நிற்குது, காற்று ஃபில்டருக்குள் பஞ்சு போகும், பார்த்துக்கோங்க என்று. அவரும் பார்த்துக்கொண்டார். கஞ்சி போட்டா தூசி ஒட்டாது, முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா என்றார். மோப்பம் ரொம்ப மரியாதையாக, ஒட்டாதுண்ணே, காத்தும் உள்ள போகாது என்றார். ஆக, கோளாறு வந்ததும் உன் வாயால், அதற்கு நீ சொன்ன வைத்தியம் இரண்டும் தப்பு. உன்னை இன்ஜினியர் என்று வேலைக்கு வைத்திருக்கும் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

புது ஃபில்டர் போட்டு, பெட்டியைத் துடைத்து, காற்றுக் குழாயின் கவ்வியையும் முறுக்கிக் கொடுத்தார். வண்டியை இப்போது மெஷின் குழாய்க்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் நிறுத்துகிறேன். நேற்று ஆறு மூட்டையோடு பாலம் ஏறிப் பார்த்தேன், விக்கல் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி ஏற்றம் பாலம் மாதிரி இல்லை, நாளைக்குப் பதினாலு மூட்டை. சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், நடுவில் இரண்டு தடவை எழுந்து போய் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அப்பா இரண்டு நாளாக வாளிகளையே அடுக்கிக்கொண்டிருக்கிறார். போன் பண்ணும்போது அவரிடம் சிரிக்காதே, நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சிரித்தாகிவிட்டது. நல்லது செய்யப் போய்த்தான் மாட்டிக்கொண்டார், பாவம்.

உன் கை பட்ட இன்ஜின் எல்லாம் நில்லாமல் ஓடட்டும், நீயும் குறை ஒன்றும் இல்லாமல் நூறு வயது இரு. மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்று. தலைவலி என்று மறுபடி சொன்னால் உன் அப்பாவை வைத்தியத்துக்கு அனுப்பிவிடுவேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா

திங்கட்கிழமை மதியம். கவரை இன்னும் ஒட்டவில்லை, அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஏழு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஏற்றத்துக்கு வந்தோம். மூன்று வாரப் பழக்கத்தில் உன் அப்பா இறங்கிப் பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார். மூன்று வாரப் பழக்கத்தில் நானும் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். வண்டி இந்தத் தடவை யோசிக்கவில்லை, ஒரே மூச்சில் மேலே போய் நின்றது. மேலே நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தினமும் இதே நேரத்துக்கு வாங்க என்றார். பதினாலு மூட்டையும் இறக்கிய பிறகு அப்பா வந்தார். வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் வெறும் காற்றைத் தள்ளியிருக்கிறார். ஏற்றத்தின் அடியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் குப்புற விழுந்து, தலை முதல் கால் வரை சேறு. நர்ஸம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, அழுக்கெல்லாம் பின்வாசல் வழியாப் போகணும் என்றார். போனார்.