டிக்கிக்குள் வந்த வெளிச்சம்

12 நவம்பர் 1984, திங்கள்

கரடியூர் மழையில் எங்கள் பழைய காரின் டிக்கி மறுபடியும் நனைந்துவிட்டது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இன்று மத்தியானம் நானே உள்ளே படுத்துக்கொண்டேன். மனைவி வள்ளி மூடியை ஓங்கிச் சாத்திவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றினாள். பின்விளக்கின் கீழே துரு தின்ற ஓட்டை வழியாகத் தண்ணீரோடு வெளிச்சமும் வந்தது.

"கண்டுபுடிச்சிட்டேன், தெற."

"பூட்டிக்கிச்சுங்க. சாவி எங்கீங்க?"

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மூச்சு முட்டியது. "பக்கத்துல ஒரு ஊடுகூட இல்லீங்களே" என்று வள்ளி அழுதாள். அந்த ஓட்டை வழியாகத்தான் சாவியை வெளியே தள்ளினேன்.

அதை அடைக்கத் தகரம் வெட்டி வைத்திருக்கிறேன். மழை பெய்கிறது. ஆனாலும் அந்த ஓட்டையை அடைக்காமல் தகரத்தைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன்.