கல்வெட்டில் உன் பெயருக்குப் பின்னால்

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று, உன் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகப் பொதியை அவிழ்த்தபோது அறையில் இருந்தவர்கள்: உன் கணவரான என் அண்ணை, உன் மகள் தாரணி, சின்னவன், என் அம்மா, நான், என் கணவர், நீர்வேலியிலிருந்து வந்த உன் தம்பி, அவர் பெண்சாதி, ஐயர். ஒன்பது பேர்.

சுன்னாகத்து அச்சகத்தில் கட்டிய பொதி. சணல் கயிற்றை அறுத்ததும் புது மையின் மணம் எழும்பியது. மேலே இருந்ததைக் கையிலெடுத்தேன், மச்சாள். அட்டையில் நீ சிரிக்கிறாய். கீழே உன் பெயர். பெயருக்குப் பின்னால் தடித்த எழுத்தில் "கலைமாணி".

நீ எடுக்காத பட்டம்.

உள்ளே அண்ணையின் உரை. உன் கல்விக்குத் தோள் கொடுத்து நின்றாராம். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்து, "வடிவா எழுதியிருக்கிறாய் மோனை" என்று அழுதா. உன் தம்பி அட்டையைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். நான் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

நீயும் நானும் ஒரே வகுப்பு. நான் பாதியில் விட்டவள்; பிறகு கையில் அகப்பட்டதை வாசித்து வாசித்துத் தேறியவள். நீ இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு இணையவழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தாய். உனக்காக ஒரு கொப்பியில் கோடு கீறி நேரக்கணக்கு எழுதித் தந்தது நான். சமையலுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு, வெங்காயத் தோட்டத்துக்கு இவ்வளவு. பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலிருந்த வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்து, "இது என்ரை. இதுக்கை ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்றாய்.

அந்த இரண்டு மணித்தியாலமும் உனக்கு ஒருநாளும் முழுதாய்க் கிடைத்ததில்லை. கைத்தொலைபேசியை அரிசிப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டு விரிவுரை கேட்டுக்கொண்டே காய் வெட்டுவாய். தாரணி எட்டிப் பார்த்து, "அம்மா, உங்கடை சேர் நல்லாக் கதைக்கிறார். கறிதான் கருகுது" என்பாள். பக்கத்திலிருந்து வெங்காயம் உரித்த எனக்கும் சமூகவியல் பாதி பாடமாகிவிட்டது.

அண்ணை வாசலிலிருந்தே கேட்பார்: "என்ன, கம்பசுக்கு வெளிக்கிட்டாச்சோ? தேத்தண்ணி ஆர் போடுறது, உங்கடை சேரோ?" நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தாலும் இப்போது கூசுகிறது.

கடைசிப் பாடம் ஒன்றுதான் மிச்சம். உங்கள் வீட்டில் அமைதி இல்லையென்று பரீட்சை எழுத என் வீட்டுக்கு வந்தாய். "மச்சாள், மூண்டு மணித்தியாலம் ஒருத்தரும் உள்ளுக்கு வரப்படாது. கமெரா பாத்துக்கொண்டிருக்கும்" என்றாய். ஓம், ஓம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்த் தண்ணீர் மோட்டரைக்கூட நிற்பாட்டச் சொன்னேன். பிறகு சாமியறையில் உனக்காக விளக்கேற்றிக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு திருநீற்றை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் திறந்து, பின்னால் வந்து உன் நெற்றியில் பூசினேன். ஒருத்தரும் வரக்கூடாது என்றது மனிசரைத்தானே, திருநீற்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கமாட்டாய் என்று நினைத்தேன்.

நீ விறைத்துப் போனாய். திரையில் உன் முகத்துக்குப் பக்கத்தில் என் முகம். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது: அறையில் வேறு ஆள், பரீட்சை நிறுத்தப்படுகிறது.

நான் நிலத்தில் குந்திவிட்டேன். நீதான் முதலில் எழும்பினாய். "கரண்ட் நிண்டு போட்டுது எண்டு சொல்லுறன். நீ வாயைத் திறவாதை. பிறகு உன்னைத்தான் தின்னுவினம்."

உன்னைத்தான் தின்றார்கள். "சாமியே நிப்பாட்டிப்போட்டுது. இனிப் பிள்ளையளைப் பார்" என்றார் அண்ணை. அடுத்த முறை எழுத விண்ணப்பிக்கவும் விடவில்லை. அம்மாவும் அதற்குத் தலையாட்டினா. நான் அந்த இடத்திலேயே நின்று சோறு பரிமாறினேன். சாமி நிற்பாட்டவில்லை, நான்தான் என்று சொல்ல எனக்கு நா எழும்பவில்லை. பிறகு எழுதலாம் என்று நீ இருந்தாய். ஐந்து நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டு போய்விட்டது.

இன்னும் கேள். கல்வெட்டை அச்சுக்குக் கொடுக்குமுன் பிழை பார்க்க என்னிடம்தான் தந்தார்கள். கணக்கில் பிழை விடாதவள் என்று எனக்கொரு பெயர் இருக்கிறதே. திதியைத் திருத்தினேன். உறவினர் பட்டியலில் விடுபட்ட பெறாமகன் ஒருவரைச் சேர்த்தேன். கலைமாணி என்ற சொல்லுக்கு வந்ததும், "அண்ணை, இது சரியோ?" என்றேன். "ஆர் தேடிப் பாக்கப் போகினம்? செத்தவளுக்கு ஒரு மரியாதை" என்றார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டேன். அவர்மேல் எனக்கு வருகிற அருவருப்பில் பாதிக்கு மேல் என்மேல்தான்.

அது வெறும் மரியாதை அல்லவென்று அந்தியேட்டி அன்று பின்னேரம்தான் தெரிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தாரணி வந்து கேட்டாள்: "மாமி, அம்மான்ரை சேட்டிபிக்கற் எங்கை? கரண்ட் நிண்டு போன சோதினையைப் பிறகு எழுதி முடிச்சவவாம், அப்பா சொன்னார்."

"ஏன் பிள்ளை?"

"லண்டன் சம்பந்தம் ஒண்டு வந்திருக்கு. கம்பஸ் கிடைச்சாலும் போகத் தேவையில்லையாம். கலியாணம் முடிச்சிட்டு வீட்டிலையிருந்து படிக்கலாமாம். 'கொம்மா பிள்ளையளையும் வளத்துப் பட்டமும் எடுத்தவதானே' எண்டு அப்பா சொல்லுறார். அம்மா எப்பிடிச் சமாளிச்சவ, மாமி?"

அவள் கண்ணில் உன்னைப் பற்றிய பெருமை. நான் கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

"அம்மா பட்டம் எடுக்கேல்லைப் பிள்ளை" என்றேன்.

"என்ன? ஏன்?"

அதற்குள் அண்ணை அவளைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை உங்கடை வீட்டை வாறன். எனக்கு முழுக்கச் சொல்லவேணும்" என்றுவிட்டுப் போனாள்.

சொல்லத்தான் போகிறேன், மச்சாள். உனக்கு இரண்டு மணித்தியாலம் விடாத வீட்டைப் பற்றிச் சொல்வேன். உன் பரீட்சையைக் கெடுத்தது நான் என்றும் சொல்வேன். அண்ணை இனி என் வாசல் மிதிக்காவிட்டாலும் பரவாயில்லை. உன் மகள் ஒரு பொய்யை நம்பித் தன் படிப்பை விடக்கூடாது.

ஒன்றில்தான் தடுமாறுகிறேன். எனக்காக நீயும் ஒரு பொய் சொன்னாய். அதை மறைத்தால் என் கதை நிற்காது; சொன்னால், தாய் தன்னிடமும் பொய் சொன்னாள் என்று பிள்ளைக்குத் தெரியவரும். வாயைத் திறவாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனவள் நீ. அந்தச் சொல்லை இன்றுவரை சுமக்கிறேன். உன்னைக் கேளாமல் அதை இறக்கிவைக்க எனக்கு உரிமை இல்லை. கோயிலில் பூ வைத்துக் கேட்கலாம். ஆனால் பழியைச் சாமிமேல் விட்டுவைத்தவள் நான்; அந்தச் சந்நிதியில் நின்று இதைக் கேட்க எனக்கு முகமில்லை.

இன்று செவ்வாய். கனவிலோ எப்படியோ, வெள்ளிக்கு முன் எனக்கொரு பதில் சொல்லிவிடு.