சட்டியைக் கவிழ்த்த பிறகு

நானா,

நேற்றுக் கழுவிக் காய வைத்த அகப்பையை இன்று காலையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். கறுவாப்பட்டையும் ஏலமும் பொரித்த கத்தரிக்காயும் கலந்த அந்த மணம் இன்னும் போகவில்லை. தேயிலைக் கட்டை ஒரு மணத்தைப் பிடித்தால் விடாது என்று நீங்கள் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது எண்ணெயின் குணம், கட்டையின் குணமல்ல என்று வாதாடினேன். இப்போது அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எதையும் உறுதியாகச் சொல்லத் தெரியாதவன் என்றுதானே என்னைக் கேலி செய்வீர்கள்.

இந்த அகப்பை நேற்று மறுபடி சந்தைக்குப் போய் வந்தது. உங்கள் மகள் ரிஸ்னா கொண்டுவந்து, என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அங்கே எல்லோர் முன்னிலையிலும் நான் உங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நம்முடைய நடமாடும் சந்தைக்கு நான் வந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு மைதானம். மாதம் ஓர் ஊர், வெளிநாட்டுச் சாப்பாடும் யாரையும் சுரண்டாமல் செய்த கைப்பொருள்களும் மட்டும் என்று அறிவித்திருந்தார்கள். வெளிநாட்டுச் சாப்பாடு என்றதும் வெள்ளைக்காரர்கள் வந்து சமைப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். வந்து பார்த்தால் எல்லோரும் நம்மவர்கள். கொரியாவில் தொழிற்சாலை வேலை பார்த்துத் திரும்பிய சமன், காரம் போட்டுப் புளிக்க வைத்த முட்டைக்கோவாவைப் போத்தல்களில் அடுக்கியிருந்தான். இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்த பெண் கையால் இழைத்த மாவு நூல்களைக் கொடியில் துணிபோலக் காயப் போட்டிருந்தாள். ஜோர்தானில் ஹோட்டல் சமையலறையில் பாதி வயதைக் கழித்துவிட்டு அக்குறணைக்குத் திரும்பிய நீங்கள் ஒரு பெரிய சட்டியோடு என் பக்கத்தில் நின்றீர்கள். பிழைக்கப் போன இடத்தில் நாக்கு கற்றுக்கொண்டதை ஒவ்வொருவரும் ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் எங்கும் போனவனல்ல. ஹேவாஹெட்டையில் பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிப் புதிது நடும்போது குவியும் கட்டைகளில், பள்ளிக்கூடத்தில் கேத்திர கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற நானும் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த இரண்டு பேரும் கரண்டியும் அகப்பையும் செதுக்கிக்கொண்டிருந்தோம். அவற்றை அளவு வாரியாக அடுக்கிவிட்டு மேசைக்குப் பின்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா ஒரு கரண்டியை எடுத்துப் பார்த்து, “இது நல்லா உழைக்குமா?” என்று கேட்டார். நான் யோசித்துவிட்டு, “சொல்ல முடியாதுங்க” என்றேன். அவர் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

“என்ன சேர் இது? சொல்ல ஏலா எண்டா ஆரு வாங்குற?”

“நாம செஞ்சத நாமளே நல்லதுன்னு எப்படிங்க சொல்றது?”

“அப்ப என்ட சோத்தப் பத்திச் சொல்ல ஏலுமா?”

“சாப்பிட்டா சொல்லலாம்.”

“சரி, வேலை முடிஞ்சி. நீங்க என்ட சோத்துக்குப் பேசுங்க. நான் உங்கட அகப்பைக்குப் பேசுறேன். ஆனா பொய் மட்டும் வேணாம் சேர். தின்னுட்டுச் சொல்லுங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னீர்கள் என்று நினைத்தேன். ஆனால் ஓர் அகப்பையை வாங்கிக்கொண்டு போய் அடுத்த சந்தை வரைக்கும் வீட்டில் பாவித்துவிட்டு வந்து, “கட்டை நல்லம். கைப்பிடி கட்டை சேர், சட்டிக்குள்ள கை சுடுது” என்றீர்கள். நான் கைப்பிடியை நீட்டி இன்னொன்று செதுக்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் வருகிறவர்களிடம் என் அகப்பையைப் பற்றிப் பேசத் தொடங்கினீர்கள். பேசினீர்கள் என்பதைவிட வழிமறித்தீர்கள் என்பதே பொருந்தும். மற்றவர்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். தன் பொருளைத் தானே புகழக் கூடாது, பக்கத்துக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும், அவரும் ருசித்தோ பாவித்தோ பார்த்துவிட்டே சொல்ல வேண்டும். எங்கும் எழுதி ஒட்டாமலேயே அது நம் சந்தையின் வழக்கமாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டில் நான் பெரிய லாபக்காரன். ஏனென்றால் உங்கள் சோற்றுக்கு என் வாய் தேவைப்பட்டதே இல்லை. மக்லூபா என்றால் கவிழ்த்தது என்று அர்த்தம் என்பீர்கள். அடியில் கத்தரிக்காய், அதன்மேல் கோழி, அதன்மேல் அரிசி என்று அடுக்கி வேக வைத்த சட்டியின் வாயில் பெரிய தட்டத்தை மூடி, இரண்டையும் சேர்த்து ஒரே வீச்சில் கவிழ்ப்பீர்கள். பிறகு சட்டியின் முதுகில் உள்ளங்கையால் தட்டுவீர்கள். உடனே தூக்க மாட்டீர்கள். தொப்பியைக் கழற்றுவீர்கள். லேஞ்சியால் தலையைத் துடைப்பீர்கள். தொப்பியை மறுபடி வைத்து, அது நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பீர்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகுதான் பிஸ்மி சொல்லித் தூக்குவீர்கள். கோபுரம்போலச் சோறு நிற்கும், உச்சியில் கத்தரிக்காய் பளபளக்கும். கை தட்டுவார்கள். யாராவது என் பக்கம் திரும்பி “நல்லதா?” என்றால் நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அது போதுமாக இருந்தது.

நீங்கள் கண்ணை மூடிய அந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு ஓரமாக நின்றேன். யாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேச வேண்டிய இடங்களில் எனக்காகப் பேசுகிறவர் உள்ளே இருந்தார்.

சந்தையில் உங்கள் இடத்தை எவரும் எடுக்கவில்லை. மாத்தளையிலும் கம்பளையிலும் என் மேசைக்கும் சமனின் மேசைக்கும் நடுவில் ஒரு சட்டி வைக்கிற அகலம் வெறுமையாகவே கிடந்தது. போன மாதம் ரிஸ்னா தொலைபேசியில் கேட்டாள்: “சேர், வாப்பாட எடத்த ஆருக்காச்சும் குடுத்துட்டாங்களா?” இல்லை என்றேன். தையல் வேலை குறைந்துவிட்டது, இரண்டு பிள்ளைகளோடு சமாளிக்க முடியவில்லை, வாப்பாவுக்கு அடுக்கிக் கொடுத்த கைதானே, கவிழ்க்கவும் வராதா என்று பார்க்கப் போகிறேன் என்றாள். வராவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டாள். எனக்கும் அதே பயம்தான். ஆனால் அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நேற்று பேராதனையில் சந்தை. பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அடுப்பைப் பற்றவைக்கும்போதே சொன்னாள்: “இண்டைக்கு மிஞ்சினா நான் இனி வரல்ல சேர். மிஞ்சின சோத்தத் தூக்கிட்டு அந்த பஸ்ல திரும்பிப் போக எனக்கு ஏலா.”

நான் “பார்க்கலாம்மா” என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

சட்டி வெந்தது. தட்டத்தை மூடினாள். கவிழ்க்கும்போது கை ஆடவில்லை, உங்கள் கையேதான். தட்டினாள். உடனே தூக்கிவிட்டாள்.

ஒரு பக்கம் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் மெதுவாகச் சரிந்து தட்டம் முழுவதும் பரவியது. யாரோ ஒரு பையன், “வீடு இடிஞ்சிட்டு!” என்று சிரித்தான். நின்றவர்களில் பாதிப் பேர் மாவு நூல் பக்கம் நகர்ந்தார்கள். ரிஸ்னா முந்தானையை இழுத்துத் தலையில் இறுக்கிக்கொண்டு தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சமன் தன் போத்தல்களுக்கு மேலால் எட்டி, அவனுக்குத் தெரிந்த தமிழில், “மாஸ்டர், பேசுங்க! இப்ப பேசுங்க!” என்றான்.

நானா, என் கால்கள் எழுந்தது எனக்கே தெரியாது. எழுந்த பிறகுதான் பேச ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது. நான் இன்னும் ருசிக்கவில்லை. ருசிக்காமல் பேசுவது வழக்கமில்லை. ஆகவே ஒரு கரண்டியை எடுத்துத் தட்டத்தின் ஓரத்தில் சோற்றை மட்டும் அள்ளிச் சாப்பிட்டேன். பிறகு கோழி. பிறகு சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கத்தரிக்காயைச் சுரண்டி எடுத்தேன். எதிரே நான்கு இளம் பெண்கள் நின்றிருந்தார்கள். பேராதனையில் படிக்க வந்த பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி, யாழ்ப்பாணப் பிள்ளை, கேட்டாள்:

“என்ன ஐயா, பரிசோதனையோ? நல்லா இருக்கோ இல்லையோ?”

“சோறு கொஞ்சம் குழைஞ்சிருக்கும்மா” என்றேன்.

சமன் கண்ணை மூடிக்கொண்டான்.

“உப்புச் சரி. கோழி நல்லா வெந்திருக்கு. கத்தரிக்காய்...”

அங்கே நின்றுவிட்டேன். அடுத்த சொல் வாய்க்குள் வந்துவிட்டது. அது உண்மை என்பதும் தெரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் உங்களுக்கு எதிராகச் சொன்னதாகுமே என்று தோன்றியது. இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தேன். மாற்றமில்லை.

“கத்தரிக்காய், இவங்க வாப்பா செஞ்சதவிட நல்லாயிருக்கு” என்றேன்.

ரிஸ்னா நிமிர்ந்தாள். “சேர்! வாப்பாவப் பத்தி அப்பிடிச் சொல்லாதீங்க.”

“பொய் சொல்ல வேணாம்னு அவருதாம்மா சொன்னாரு. நீ என்ன மாத்திச் செஞ்ச?”

அவள் ஒரு கத்தரிக்காய்த் துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், “ஒண்டும் மாத்தல்ல. உப்புத் தடவி வெச்சா தண்ணி விடுற வரைக்கும் நிக்க வாப்பாக்குப் பொறுமை இல்ல. நான் நிண்டு துடைச்சிப் பொரிச்சேன்” என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஆக்கள மறிச்சிப் பேச மட்டும் பொறுமை இருந்திச்சி.”

யாழ்ப்பாணப் பிள்ளை தன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தாள். “சோறு குழைஞ்சு போச்செண்டு சொல்லி விக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். நாலு தட்டு போடுங்கோ அக்கா. அந்த ஒட்டினதிலயும் சுரண்டிப் போடுங்கோ.”

அந்த நான்கு பேரும் மேசை முன்னாலேயே நின்று சாப்பிட்டதுதான் நடந்த பெரிய நன்மை. சாப்பிடுகிறவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன், சிங்களத்திலும் சொன்னேன்: சோறு குழைவு, கத்தரிக்காய் அருமை. கடைசி நேரத்தில் என் குரல் சமனின் மேசையைத் தாண்டிப் போனதாக அவன் சொல்கிறான். அவன் மிகைப்படுத்துகிறவன். பின்னேர மழை பிடிப்பதற்குள் தட்டம் வெறுமையாகிவிட்டது. சட்டியின் அடியில் கருகி ஒட்டியதைச் சமன் தன் கோவாவோடு தொட்டுத் தின்று தீர்த்தான். மிஞ்சவில்லை, நானா. ரிஸ்னா வெறும் சட்டியோடு பஸ் ஏறினாள்.

ஏறுவதற்கு முன் அவள் தன் கடமையையும் செய்தாள். என் மேசையருகே நின்ற ஒருவரிடம் உங்கள் அகப்பையைத் தூக்கிக் காட்டி, “பாக்க அவ்வளவு வடிவில்ல தொரை. ஆனா எங்க வீட்ல எத்தினையோ அகப்ப ஒடஞ்சிச்சி, இது ஒடயல்ல. கையும் சுடாது” என்றாள். அவர் என் மேசையிலிருந்து அதே மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். வடிவில்லை என்றது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. வீட்டுக்கு வந்து உங்கள் அகப்பையைத் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியை நீட்டியபோது கழுத்தைத் தடிப்பாகவே விட்டிருக்கிறேன். அவள் சொன்னது சரி. நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை? இன்று ஒன்றில் கழுத்தை இழைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் உங்களுக்கு எதிராகப் பேசினேனா என்ற கேள்வியோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது, அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். கத்தரிக்காயை ஒரு வாய் தின்றுவிட்டு மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி நீங்களே சொல்லியிருப்பீர்கள். என் அளவுக்குத் தயங்கியிருக்க மாட்டீர்கள்.

ஒன்று மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் அதைப் பற்றிக் கேட்டாள். “வாப்பா தட்டினதும் தூக்கிடுவார்தானே சேர்? நான் எப்பவும் அடுப்புப் பக்கம் இருந்தேன், பாக்கல்ல.” ஒவ்வொரு சந்தையிலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். தொப்பி, லேஞ்சி, தலை, மறுபடி தொப்பி, நேராக இருக்கிறதா என்று ஒரு தடவல் என்று சொன்னேன். கூட்டத்துக்காகச் செய்கிற விளையாட்டு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். சோறு தன் கனத்தில் இறங்கிக் கத்தரிக்காய் சட்டியை விட்டுக் கழன்றுகொள்ள அந்த நேரம் வேண்டியிருந்திருக்கிறது.

“எனக்குத் தொப்பி இல்லையே சேர்” என்றாள்.

அடுத்த மாதம் சந்தை அக்குறணைக்கு வருகிறது, உங்கள் ஊருக்கு. அவள் சட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும் நான் என் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். நான் கையை இறக்கும் வரைக்கும் தூக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.