ஐம்பது ஆட்டம், இரண்டு பேர்

ஏப்ரல் 4, 1994. திங்கள்

பேஸ்போல் சீசனின் முதல் ஆட்டம் இன்று எங்கள் அரங்கில். இரண்டு வருடமாக ‘உலகத் தொடர்’ வென்ற அணி. உலகம் என்றால் அமெரிக்காவும் கனடாவில் இரண்டு ஊரும். மற்ற நாடுகளுக்கு இன்னும் தெரியாது, தோற்றுவிட்டோமென்று.

வந்தவர்களில் பாதிப்பேருக்கு, அரங்குச் சாப்பாட்டுக் கடையில் நின்று, நானே ஹொட் டோக் கொடுத்ததுபோலக் கை நோகிறது. பொருளியலில் பட்டம் எடுத்தவளுக்குக் கேள்வியும் நிரம்பலும் — டிமாண்டும் சப்ளையும் — இன்றுதான் கண்முன்னே விளங்கின.

நெஞ்சில் குத்திய அட்டையில் ‘அருள்நாயகம்’ என்று இருக்கிறது. படிவத்தில் முதற்பெயர் கேட்டிருந்தார்கள். ஊரில் முதலில் எழுதுவது புருசன் பெயரைத்தானே, அதையே எழுதிவிட்டேன். கலியாணமாகிப் பத்தொன்பது வருடம், இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இன்று சூப்பர்வைசர் “அருள்! அருள்!” என்று கத்த, நான் “யெஸ்” என்று ஓடினேன்.

பக்கத்து அடுப்பில் பேர்ணடெற், குருநகர்க்காரி. “மனுசனைக் கும்பிடச் சொல்லுவினம். நீர் மனுசனாவே மாறிட்டீர்” என்றாள்.

மே 8. ஞாயிறு

நவரட்ணம் அண்ணை வந்திருந்தார். இவருடைய பெரியம்மா மகன். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் கொன்ராக்ற் வைத்திருக்கிறார். நான்கு மாரிகாலம் அவரிடம் வேலை செய்தேன். “இவ எங்கட கிராஜுவேற்” என்று எல்லோருக்கும் அறிமுகம் செய்துவிட்டு வாளியைக் கையில் தருவார்.

இருவரும் ரீவியில் ஆட்டம் பார்த்தார்கள். அண்ணை கல்லூரிக் கிரிக்கெற்றில் பத்தாவதாக இறங்கியவர், ஆகவே நிபுணர்.

“உது என்ன விளையாட்டு? அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சிட்டு ஓடுறான். மட்டைக்கு ஒரு மரியாதை வேண்டாமே?”

போகும்போது என்னிடம், “வின்ரருக்கு எங்களிட்டத்தானே வருவீர், தங்கச்சி” என்றார். அது கேள்வி இல்லை.

வரமாட்டன் அண்ணை. ஒரு சீசனில் ஐம்பது ஆட்டம் வேலை செய்தால் நிரந்தரப் பட்டியல். மாரியில் கார்க் கண்காட்சி, கச்சேரி எல்லாவற்றுக்கும் அரங்கிலிருந்தே கூப்பிடுவார்கள். இங்கே எண்பத்தொரு ஆட்டம் நடக்கும். ஐம்பது என்ன பெரிய காரியம்? — இதையெல்லாம் சொல்லவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன்.

ஜூன் 14. செவ்வாய்

எல்லோருக்கும் புதிய அட்டை. புதிய படிவம். இந்த முறை முதற்பெயர் புனிதவதி, குடும்பப்பெயர் அருள்நாயகம் என்று ஒழுங்காக எழுதினேன். படித்தவள் அல்லவா, பிழையைத் திருத்தாமல் விடுவேனா?

சூப்பர்வைசர் அட்டையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “புனி” என்று சுருக்கினாள்.

ஜூலை 3. ஞாயிறு

தோல்வி. தோல்வி. தோல்வி. வீட்டில் செத்தவீடு மாதிரி இருக்கிறது. ஊரில் வீடு எரிந்த செய்தி வந்தபோதுகூட இவர் சோறு சாப்பிட்டவர்; இன்று பாதியில் எழும்பிவிட்டார்.

தோற்றாலும் சனம் சாப்பிடுகிறது. தோற்றால் இன்னும் கூடச் சாப்பிடுகிறது. இந்த விதியை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

விரதத்தோடு மாட்டுச் சொசேஜ் பிரட்டுகிற வெள்ளிக்கிழமைகளில் கையுறை போடுகிறேன். கடவுள் கவனிப்பார் என்று நம்புகிறேன்.

ஜூலை 29. வெள்ளி

விளையாட்டுக்காரர் ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி ஸ்ட்ரைக்காம்.

“ஸ்ட்ரைக் எண்டா பந்தைத் தவற விடுறதெல்லே?” என்றார் நவரட்ணம் அண்ணை.

“இது மற்ற ஸ்ட்ரைக், அண்ணை. வேலைநிறுத்தம்.”

“மில்லியன் கணக்கில சம்பளம் எடுக்கிறவங்களோ? பாவம். உண்டியல் குலுக்குவமே?”

சிரித்தேன். எனக்கென்ன. வேலை செய்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சமையலறைக் கலண்டரில் வட்டம் போட்டு வருகிறேன்: நாற்பத்தொன்பது. இன்னும் ஒன்று போதும்.

ஓகஸ்ட் 12. வெள்ளி

நிறுத்திவிட்டார்கள். என் கலண்டரில் ஐம்பத்திரண்டு வட்டம். தொழிலாளர் ஒற்றுமை வாழ்க.

செப்ரெம்பர் 14. புதன்

சீசன் முழுவதும் ரத்து. உலகத் தொடரும் இல்லை. இந்த வருடம் உலகம் தோற்காமல் தப்பியது.

செப்ரெம்பர் 20. செவ்வாய்

நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை.

பேர்ணடெற் இருக்கிறாள். நான் இல்லை. ஒஃபிஸுக்குப் போனேன். அங்கிருந்த பெட்டை கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்து அன்பாகச் சொன்னாள்: அருள்நாயகம் என்ற ஊழியர் இருபத்தொன்பது ஆட்டம். ஜூனில் நின்றுவிட்டார். புனிதவதி என்ற ஊழியர் இருபத்துமூன்று ஆட்டம். ஜூனில் சேர்ந்தவர். இருவரும் நல்ல வேலைக்காரர். ஆனால் ஒருவரும் ஐம்பது செய்யவில்லை.

நான்தான் இருவரும் என்றேன். கவலையோடு பார்த்தாள் — சுகமில்லாத ஆளைப் பார்க்கிற மாதிரி.

பட்டப்படிப்பு! பிழையை விட்டுவைத்திருந்தால் பிழைத்திருப்பேன்.

செப்ரெம்பர் 21. புதன்

“விடுமன். அண்ணையிட்டப் போனாப் போச்சு” என்கிறார் இவர்.

ஏன் விடோணும்? ஐம்பத்திரண்டு நாள் கால் வீங்க நிண்டது ஆர்? இவரோ? அண்ணையோ? வாளியைக் கையில தந்து ‘கிராஜுவேற்’ எண்டு பல்லைக் காட்டுவார், நானும் சிரிக்கோணும். நாலு வருசம் சிரிச்சது காணாதே? — அழுகிறேனா? இல்லை. வெங்காயம் உரிக்கவும் இல்லை. சரி, அழுகிறேன்.

செப்ரெம்பர் 27. செவ்வாய்

பேர்ணடெற் சூப்பர்வைசரிடம் போயிருக்கிறாள். “நான் கேட்டனான்: அந்த ரெண்டு பேரும் ஒருநாளாவது ஒண்டா வேலைக்கு வந்தவையோ? ஒரே சப்பாத்து, ஒரே மூஞ்சி, கவனிக்கேல்லையோ எண்டு.” சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்ததாம். சத்தியக் கடதாசி ஒன்று கொண்டுவரட்டும், ஆனால் இனி ஒரு பெயர்தான் என்றாளாம்.

“என்ர பேரையே குடுமன், அவையளுக்குப் பழகின பேர்” என்றார் இவர். பெருந்தன்மை.

செப்ரெம்பர் 30. வெள்ளி

மார்க்கம் வீதியில் ஒரு வக்கீலின் ஒஃபிஸ். இவரும் வந்தார். கடதாசியை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். அருள்நாயகம் என்று வேலை செய்தவளும் புனிதவதி என்று வேலை செய்தவளும் நான் ஒருத்தியே. இனி என் பெயர் புனிதவதி.

‘அருள்நாயகம்’ என்று என் வாயிலிருந்து வந்ததும், ‘வரவு’ கூப்பிட்ட பள்ளிப்பிள்ளைபோல இவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “என்னப்பா?”

“ஒண்டுமில்லை. உங்களை இல்லை.”

கடதாசியை அரங்கு ஒஃபிஸில் கொடுத்தாயிற்று. யோசித்துப் பார்த்துச் சொல்வார்களாம்.

ஒக்ரோபர் 22. சனி

உலகத் தொடர் தொடங்கவேண்டிய நாள் இன்று; எந்த அணியும் எதையும் வெல்லவில்லை. இவர் பழைய ஆட்டக் கசெற் போட்டுப் பார்த்து, முடிவு தெரிந்தும் கைதட்டுகிறார். அரங்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நவம்பர் 5. சனி

காலையில் போன் அடித்தது. இவர் எடுத்தார், வைத்தார்.

“ஆரப்பா?”

“ஆரோ வெள்ளைக்காரி. புனி இருக்கிறாவோ எண்டாள். உப்பிடி ஒருத்தரும் இங்க இல்லை, றோங் நம்பர் எண்டு சொல்லிட்டன்.”

கதிரையை போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் திரும்ப அடித்தது. அரங்குதான்: புனி நிரந்தரப் பட்டியலிலாம், புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வரட்டாம். கண்காட்சி ஒன்று, பத்து நாள்.

மத்தியானம் நவரட்ணம் அண்ணை போனில் கூப்பிட்டார். வின்ரருக்கு ஆள் காணாதாம், எப்போது வருகிறேன் என்று கேட்டார்.

“நான் வரேலாது அண்ணை. அருள்நாயகம் எண்டு ஒருத்தர் இருக்கிறார். நல்ல வேலைக்காரன். ஜூனோட நிண்டிட்டார், இப்ப சும்மாதான் இருக்கிறார். கேட்டுப் பாருங்கோ.”